பறவைகள் போகும் பாதை – 4: கழுத்தில் ஈட்டியுடன் வந்த நாரை

குளிர்காலத்தில் ஐரோப்பாவில் தகைவிலான் குருவியைக் காண்பது அரிது. வசந்தம் வந்ததும் பழைய கூட்டுக்கே திரும்பிவிடும். இடையில் அது எங்கே இருக்கிறது என்பதற்கு உறுதியான விடை கிடைக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே, பெருங்கொக்குகள் சித்தியா சமவெளியிலிருந்து எகிப்துக்கு அப்பாலுள்ள சதுப்பு நிலங்களுக்குப் போவதை அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். தகைவிலான் விஷயத்தில் அவர் தவறினார். சில குருவிகள் இறகுதிர்ந்து பொந்துகளில் பதுங்கிக் கிடக்கும் என்றார். 1555-இல் வெளிவந்த ஒலாஸ் மாக்னஸின் நூல் இன்னும் ஒருபடி மேலே போனது. ஏரியில் மீனவர்கள் இழுக்கும் வலையில் மீனோடு தகைவிலான்களும் வருவதாக அதில் ஒரு படமே உண்டு. இதை வெறும் மடமை என்று தள்ளிவிட முடியாது. இலையுதிர் காலத்து மாலைகளில் இக்குருவிகள் ஏரிக்கரை நாணலில் கூட்டமாக அடையும். திடீரென ஒருநாள் காணாமல் போய்விடும். நீருக்குள் போயின என்று நினைத்ததில் வியப்பில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் பெர்லினைச் சேர்ந்த யோஹான் லியோன்ஹார்ட் ஃபிரிஷ். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நீரில் கரையும் சாயம் தோய்த்த நூலைத் தகைவிலான்களின் காலில் கட்டிவிட்டார். மறு வசந்தத்தில் திரும்பிய குருவிகளின் காலில் சாயம் போகாமல் இருந்தது. இவ்வளவு எளிய, இவ்வளவு தெளிவான சோதனைகள் அறிவியலில் குறைவு. குருவி நீருக்கடியில் இல்லை என்பது தெரிந்துவிட்டது. எங்கே இருந்தது என்பது தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு செங்கால் நாரை தன் உடம்பிலேயே விடை சுமந்து வந்தது. 1822-இல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்ற ஊருக்கருகே சுட்டு வீழ்த்தப்பட்ட அதன் கழுத்தில் சுமார் 80 செ.மீ. நீள ஈட்டி ஊடுருவியிருந்தது. அது நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஈட்டி. அத்தனை பெரிய காயத்தோடு, அத்தனை தூரம் பறந்து வந்திருக்கிறது அந்த நாரை. பாடம் செய்யப்பட்ட அதன் உடலை ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் காணலாம்.

தற்செயலை முறையாக மாற்றியவர் டென்மார்க்கின் வீபோர்க் நகரப் பள்ளி ஆசிரியர் மோர்டென்சன். முதலில் துத்தநாக வளையங்களை முயன்றார். பறவைக்கு அவை பாரமாயின. 1899-இல் எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய அலுமினிய வளையங்களை ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டினார். இம்முறை விரைவில் பல நாடுகளுக்கும் பரவியது. 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வளையமிடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணைவீட்டில் பிடிபட்டது. வளையத்தில் இருந்த லண்டன் முகவரிக்குக் கடிதம் போனது. பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவைகளுக்கு மாட்டும் வளையங்களும் இதே வகையானவைதான். அப்படியொரு பறவையைக் காண்பவர்கள், அதற்கு இடையூறு செய்யாமல், வளையத்திலுள்ள எண்ணையும் பார்த்த இடத்தையும் நாளையும் அக்கழகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

(தொடரும்)