உப்புக்காற்றில் வீடு கட்டுகிறீர்களா? முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்!

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்தால், கட்டி இருபது ஆண்டுகூட ஆகாத வீடுகளிலும் ஒரே மாதிரியான நோயைப் பார்க்கலாம். சன்ஷேடின் அடியில் பழுப்புக் கறை. பீமில் கம்பி போகும் தடத்திலேயே நேர்க்கோடாக ஒரு வெடிப்பு. பால்கனியின் அடிப்பக்கம் பூச்சு பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. மேஸ்திரியை அழைத்தால் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசித் தருவார். அது இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். பிறகு அதே இடத்தில் முன்னைவிடப் பெரிய துண்டாக விழும். அந்த நேரத்தில் கீழே யாராவது நின்றிருந்தால் உயிருக்கே ஆபத்து.

உழவர்களுக்கு உப்பு புதிய எதிரி அல்ல. வயலில் வெள்ளையாகப் பூத்தால் பயிர் கருகும் என்பது தெரியும். வீட்டில் அது கருக்குவது கம்பியை. சிமென்ட் கலவை கடுமையான காரத்தன்மை கொண்டது; அதன் கார அமில நிலை 12க்கு மேல். அந்தக் காரம் கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறது. குளோரைடு உப்பு உள்ளே போனால் அந்தப் படலம் உடைந்து துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து தள்ளுவதால்தான் கான்கிரீட் வெடிக்கிறது. மேலே எத்தனை முறை பூசினாலும் உள்ளே இருக்கும் உப்பு போகாது.

உப்பு வீட்டுக்குள் வரும் வழிகள் மூன்று: தண்ணீர், மணல், காற்று. இவற்றில் முதல் இரண்டையும் நாமே காசு கொடுத்து உள்ளே கொண்டுவருகிறோம்.

தண்ணீர்

ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட மீஞ்சூர் பகுதி ஒரு காலத்தில் நல்ல ஊற்று நீருக்குப் பேர் பெற்றது. விவசாயத்துக்கும், தொழிற்சாலைகளுக்கும், சென்னையின் குடிநீருக்கும் அங்கே பல ஆண்டுகள் ஆழ்குழாய்களில் நீர் இறைக்கப்பட்டது. நன்னீர் மட்டம் இறங்க இறங்கக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2010இல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையமும் வந்தது. நீர் வளம் இருந்த ஊர்ப்பக்கமே கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டிய நிலை வந்தது என்றால், மனையில் போட்ட போர் தண்ணீரை நம்பிக் கலவை போடுவது எப்படிப்பட்ட துணிச்சல் என்று புரியும்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. அதன்படி கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் கூடாது. கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். சல்பேட் 400க்குள் இருக்க வேண்டும். கார அமில நிலை 6க்குக் கீழே போகக்கூடாது.

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் ஒரு முதல் சோதனை உண்டு. பாசன நீர் ஆய்வில் ஈ.சி. என்று குறிப்பிடும் மின்கடத்துதிறனைப் பெரும்பாலான உழவர்கள் அறிவார்கள். கடல் உப்பு கலந்த நீரில் ஈ.சி. 1.5ஐ நெருங்கும்போதே குளோரைடு 500ஐத் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. எனவே 1.5க்கு மேல் காட்டும் நீரை முழு ஆய்வு இல்லாமல் கான்கிரீட்டில் விடக்கூடாது. அதற்குக் கீழே காட்டினாலும் ஒரு முறை குளோரைடு அளவைப் பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் இதைச் செய்துகொள்ளலாம். சில லட்சம் போட்டுக் கட்டும் வீட்டில் இது பெரிய செலவில்லை. கோடையில் எடுத்த மாதிரியும் ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த மாதிரியும் ஒன்றாக இருக்காது. வேலை நடக்கும் பருவத்தில் எடுத்ததுதான் கணக்கு.

கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, நீராற்றுவதற்குப் போர் தண்ணீரைத் திறந்துவிடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. "கெட்டியான பிறகு என்ன ஆகப்போகிறது" என்பார்கள். புதுத் தளம் நீரை உறிஞ்சும், நீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். பத்து நாள் இப்படி உப்புநீர் கட்டினால் பத்து நாள் உப்பு ஊட்டியதாக ஆகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலப்பதற்கும் சரி, நீராற்றுவதற்கும் சரி, கடல்நீர் வேண்டாம் என்றே விதி சொல்கிறது. இன்னொன்று, குடிநீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீர். வீணாகிறதே என்று அதைச் சுவருக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்த நீரில்தான்.

கலவையில் விடும் நீரின் அளவும் முக்கியம். கடற்கரைச் சூழலுக்குச் சிமென்ட் எடையில் 0.45 பங்குதான் நீர். அதாவது 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இதில் சேரும். அள்ளிக் கொட்ட எளிதாக இருக்கும் என்று கூடுதலாக விடும் ஒவ்வொரு வாளியும் பின்னால் ஆவியாகி, உப்பு நுழையும் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக மாறும்.

மணலும் சாம்பலும்

கடற்கரை மணலைக் கட்டடத்தில் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கழிமுகத்தை ஒட்டி அள்ளிய மணல் "ஆற்று மணல்" என்ற பெயரில் வரும்போது கண்ணால் பிரித்தறிய முடியாது. மண் ஆய்வில் செய்வதைப் போல, ஒரு பங்கு மணலுக்கு இரண்டரைப் பங்கு வாலைவடிநீர் விட்டுக் கலக்கி, தெளிந்த நீரில் ஈ.சி. பார்த்தால் ஓரளவு குறிப்புக் கிடைக்கும். நல்ல மணலையும் சந்தேகப்பட்ட மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். முடிவு சொல்ல ஆய்வகம்தான். இன்று கிடைக்கும் எம்-சாண்ட் இந்தத் தலைவலியைப் பெரிதும் குறைத்திருக்கிறது. கல் தூசியை எம்-சாண்ட் என்று தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கண்ணாடிப் பாட்டிலில் மணலும் நீரும் போட்டுக் குலுக்கி வைத்து, மேலே படியும் தூசியின் கனத்தைப் பாருங்கள்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு தனிப் பொருள் உண்டு: அனல்மின் நிலையச் சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்குகிறது. உலர் சாம்பல் நல்ல சரக்கு. அது கலந்த பி.பி.சி. சிமென்டும், இரும்பாலைக் கசடு கலந்த சிமென்டும் உப்பு ஊடுருவுவதைக் குறைக்கும். கடலோர வீட்டுக்கு இவையே பொருத்தம். ஆனால் இவை மெதுவாக வலுப்பெறுபவை. குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். ஏழாம் நாளே சாக்கை உருவிவிட்டால் நல்ல சிமென்ட் வாங்கியதன் பலன் பாதி போய்விடும்.

சாம்பல் செங்கல் வாங்குவோர், வார்த்து நீராற்றிக் குறைந்தது மூன்று வாரம் ஆன கல்லையே கேட்டு வாங்க வேண்டும். பச்சைக் கல்லில் கட்டிய சுவர் பிறகு சுருங்கி மெல்லிய வெடிப்பு விடும். குட்டையிலிருந்து அள்ளிய ஈரச் சாம்பலை அடித்தளத்தில் மேடு நிரப்பச் சிலர் கொட்டுகிறார்கள். சாம்பலைக் கரைத்து அனுப்பக் கடல்நீர் பயன்பட்டிருந்தால் அந்தச் சாம்பலில் உப்பும் சேர்ந்தே இருக்கும். சோதிக்காமல் அஸ்திவாரக் கம்பிக்குப் பக்கத்தில் அதைப் போடுவது நல்லதல்ல.

காற்று

கடற்காற்றைத் தடுக்க முடியாது. கம்பிக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டலாம். அதைத்தான் கவர் என்கிறோம். உள்நாட்டில் தளத்துக்கு 20 மில்லி மீட்டர் கவர் போதும். உப்புக்காற்றிலிருந்து மறைவாக உள்ள பகுதிக்கு 30, கடற்கரைச் சூழலை நேரடியாக எதிர்கொள்ளும் பகுதிக்கு 45, கடல் சாரல் படும் இடத்துக்கு 50 மில்லி மீட்டர் என்பது விதி. கான்கிரீட்டின் தரமும் அதற்கேற்ப எம் 25, எம் 30, எம் 35 என்று ஏற வேண்டும். கொத்தனார்கள் கைக்கணக்காகப் போடும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை, எம் 20 அளவில்தான் நிற்கும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலைப் பார்த்த வீட்டுக்கு அது போதாது.

தாளில் 45 எழுதினால் மட்டும் போதாது. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்துக் கம்பியைத் தூக்குவார்கள். ஆள் ஏறி மிதித்ததும் கம்பி சென்ட்ரிங் பலகையில் உட்கார்ந்துவிடும். நல்ல சிமென்ட் கலவையில் வார்த்த கவர் பிளாக்குகளை முன்கூட்டியே தயார் செய்து, கான்கிரீட் போடும் நாளன்று காலையில் வீட்டுக்காரரே அளவுகோலுடன் ஒரு சுற்று வர வேண்டும். கட்டடம் முழுவதிலும் வீட்டுக்காரர் விடுப்பு எடுத்து நிற்க வேண்டிய நாள் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். கவர் கூடும்போது தளத்தின் கனமும் கணக்கும் மாறும். எனவே வரைபடத்தை முதலிலேயே பொறியாளர் போட்டுத்தர வேண்டும். மேஸ்திரியிடம் பின்னால் சொல்லிக்கொள்ளும் விஷயம் அல்ல. கடலுக்கோ கழிமுகத்துக்கோ அருகில் மனை என்றால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கு

இராயபுரத்தில் இன்னும் சுண்ணாம்புக் காரை வீடுகள் இருக்கின்றன. 1856இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையம் இன்றும் நிற்கும் ஊர் அது. மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையவை. அவற்றின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, பூச்சு பலகை பலகையாகக் கழன்று வரும். சுவருக்குள் புதைந்த மரச் சட்டத்தின் முனையும் உளுத்துப்போகும். சுண்ணாம்பு வீட்டைச் சுண்ணாம்பால்தான் பழுதுபார்க்க வேண்டும். முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது அந்தச் சட்ட முனைகளை.

கான்கிரீட் வீட்டில் கம்பி தெரிந்தால், தெரியும் இடத்தில் மட்டும் பூசக்கூடாது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவை உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, காப்புப் பூச்சு கொடுத்த பிறகே அடைக்க வேண்டும். கம்பி இளைத்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். முட்டுக் கொடுக்காமல் பீமைக் கொத்தவே கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் புகுந்த எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்கு ஒரு சொல். எண்ணெய் ஊறிய பூச்சின் மேல் புதுப் பூச்சோ பெயின்டோ ஒட்டாது. கறை தெரியும் உயரத்துக்கும் ஓர் அடி மேலே வரை பழைய பூச்சை எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். புதிதாகக் கட்டுவோர், தெருவில் நினைவிலுள்ள மிக உயர்ந்த வெள்ள மட்டத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்து, தரைமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள்.

மழைநீர்த் தொட்டியை முதலில் கட்டுங்கள்

2003 முதல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெரும்பாலும் வீடு முடிந்த பிறகு ஒரு குழாயைச் சொருகிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். இந்த மண்டலத்தில் தொட்டிதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அவ்வளவையும் தேக்க முடியாது. நிரம்பியது போக மிஞ்சுவதைக் கசிவுக் குழிக்கு விடலாம். மணற்பாங்கான கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் தங்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். ஆழமாகப் போர் போட்டவர் முதலில் தொடுவது உப்பைத்தான்.

மாடித்தோட்டம் வைக்கலாமா என்று கேட்போர் அதிகம். வைக்கலாம். ஈர மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் என்பதால், தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் பீமும் சுவரும் போகும் வரிசையில், கால் வைத்த தாங்கிகளின் மேல் வையுங்கள். தென்னைநார்க் கழிவு கலந்தால் எடை குறையும். அந்த நார்க் கழிவும் உப்பு நீக்கிக் கழுவியதாக இருக்க வேண்டும். கடற்காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் நிழல்வலை கட்டுங்கள். பீட்ரூட் உப்பை ஓரளவு பொறுக்கும். தக்காளியும் கத்தரியும் அவ்வளவு பொறுக்காது. பீன்ஸ் அறவே தாங்காது. பாய்ச்ச மழைநீர் போதாத மாதங்களில் எந்தத் தண்ணீரானாலும் ஈ.சி. பார்த்த பிறகே தொட்டியில் விடுங்கள்.