கடை ரொட்டியும் மென்வயிறும்

நோயுற்றவரைக் காணச் செல்வோர் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருத்தல் வேண்டும் என்பது பூவாரிலும், நெய்யாற்றின்கரையிலும், பாறசாலையிலும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளையிலும் எழுதப்படாத வழக்கம். காய்ச்சலா, ரொட்டி, வயிற்றுப்போக்கு நின்றதா, ரொட்டி. தோசைக்கல்லிற் சுடும் ரொட்டியை இங்கு நாம் சொல்லவில்லை. துண்டு துண்டாய் நறுக்கி உறையிலிட்டு விற்கும் 'பிரெட்' என்பதையே சொல்கிறோம். அது மெத்தென்றிருப்பதால் எளிதிற் செரிக்கும் என்று நாம் கருதுகிறோம். ஆனால் மென்மை வேறு, செரிமானம் வேறு. அதை உண்ட சில மணி நேரத்தில் வயிறு உப்பி, இரைந்து, துன்புறுவோர் நம் குடும்பங்களிலே உளர். அவர்கள் தம் வயிற்றையே நொந்துகொள்கிறார்கள், ரொட்டியை ஐயுறுவதில்லை.

இட்லிக்கு மாவரைத்து அந்தக் கணமே வேகவைக்கும் பெண்மணி எவரும் இலர். இரவு முழுதும் மாவு புளித்துப் பொங்க வேண்டும் என்பதை நம் வீட்டுச் சிறுமியும் அறிவாள். இப்பக்கத்துக் கள்ளப்பத்துக்கும் அதுவே விதி. ரொட்டி செய்யும் கலையைப் போர்ச்சுகீசியர் நம் கரைகளுக்குக் கொணர்ந்தபோது, கோவாவில் தென்னங்கள்ளை ஊற்றியே மாவைப் புளிக்க வைத்தனர். அவர்கள் சொல்லிலிருந்து வந்ததே இலங்கைத் தமிழர் வழங்கும் 'பாண்' என்னும் பெயர். கேரளத்தில் மாம்பள்ளி பாபு என்பவர் 1880-ஆம் ஆண்டு தலச்சேரியில் அடுமனை தொடங்கினார். பழைய அடுமனைகளில் மாவு பொறுமையாகவே பொங்கியது. 1961-இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்தில், அதிவேக இயந்திரத்தால் மாவைப் பிசைந்து, பல மணி நேரப் புளிப்பை மிகச் சுருக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. வாணிகத்துக்கு அது பெரும் வரம்; எல்லா வயிற்றுக்கும் வரமன்று.

காரணம் யாதெனில், கோதுமையில் 'பிரக்டன்' என்றொரு மாவுச்சத்து வகை உண்டு. அதைப் பிளக்கும் நொதி மனிதர் குடலில் இல்லை. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன, வாயு பெருகுகிறது. நல்ல குடல் இதைப் பொருட்படுத்தாது. மென்குடல் படாதபாடு படும். மாவு நெடுநேரம் புளித்தால் இப்பிரக்டனின் பெரும்பகுதியை ஈஸ்ட் வெளியிலேயே தின்றுவிடுகிறது. ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மணி நேரம் பொங்கிய மாவில் இத்தகைய பொருள்கள் மிகுந்தும், நான்கு மணி நேரம் கடந்த மாவில் மிகக் குறைந்தும் காணப்பட்டன. பழியெல்லாம் 'குளூட்டன்' என்னும் பசைப்புரதத்தின் மீதே போடுவது இக்காலத்து மோஸ்தர். நார்வே நாட்டில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், குளூட்டன் ஒவ்வாது என்று தாமே நம்பிய 59 பேருக்கு இரண்டையும் மறைவாகக் கொடுத்துப் பார்த்தனர். மிகுதியாகத் தொல்லை தந்தது பிரக்டனே.

எனினும் குளூட்டனால் குடலே புண்படும் 'சீலியாக்' என்னும் நோய் மெய்யாகவே உண்டு. டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே, 1944-45 பஞ்சக் காலத்தில் ரொட்டி கிட்டாமற்போனபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்ததையும் கண்டு கோதுமையின் தொடர்பை நிறுவினார். இந்தியாவில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் குருதியில் இருந்தன. நம்மிடை அரிது, இல்லாததன்று. உடல் இளைத்தல், சோகை, நீங்காத வயிற்றுப்போக்கு, மலத்தில் குருதி ஆகியவை தோன்றின் ரொட்டி ஆராய்ச்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். அவரைக் காணுமுன் கோதுமையை அறவே விட்டுவிடலாகாது. விட்டுவிட்டால் இரத்தச் சோதனையில் நோய் புலப்படாமல் ஒளிந்துகொள்ளும்.

இனிக் கடைக்குச் செல்வோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை வகுத்து, விளவங்கோடு அப்பக்கமும் நெய்யாற்றின்கரை இப்பக்கமும் ஆனபின் மொழிச் சிக்கல்கள் பல எழுந்தன; ரொட்டி உறையிலோ இரு பக்கத்தார்க்கும் ஒரே கதி. சட்டப்படி அதில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். ஆனால் எண்கள் எவர்க்கும் பொது. 282 என்பது பூசணம் பிடியாமற் காப்பது. 471, 481 ஆகியவை மென்மை தருபவை. 510, 516, 1100 ஆகியவை ஈஸ்டுக்கும் மாவுக்கும் ஊக்கமளிப்பவை. இவை நஞ்சல்ல, ஆயினும் நிரலாகக் கண்டால் மாவு பொங்கியதில் அவசரம் இருந்தது என்று ஊகிக்கலாம். 420 என்றிருப்பின் மென்வயிற்றார் அப்பொட்டலத்தை வைத்துவிடுவது நன்று. அது சார்பிட்டால், வாயுவும் போக்கும் தரவல்லது. 'நார்ச்சத்து மிக்கது' என்னும் விளம்பரத்தோடு 'இன்யூலின்' சேர்த்த ரொட்டியும் அத்தகையதே. அதுவும் பிரக்டன் இனந்தான். 150 என்பது நிறம்: பழுப்பு ரொட்டி என்று மகிழ்ந்து வாங்குவது சாயமிட்ட மைதாவாகவும் இருக்கக்கூடும். பால் ஒவ்வாதவர் 'மில்க் பிரெட்' என்பதையும் விலக்குக.

வயிற்றுத் தொல்லையோடு சேராவிடினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2016 மே மாதம் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்து, நூற்றுக்கு 84 பங்கில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட்டின் மிச்சம் கண்டதாக அறிவித்தது. புரோமேட்டு புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற ஐயம் முன்னரே இருந்தது. அவ்வாண்டே அரசு அதைத் தடைசெய்தது. அதன் எண் 924.

பழுப்பே எப்போதும் நல்லது என்பதும் பிழை. தவிடு மிகுந்த முழுக்கோதுமை, மலச்சிக்கலுடையார்க்கு உதவும். உப்புசமுடையார்க்கு வெள்ளை ரொட்டியே சிறிது இணங்கும். அதிலும் ஒரு துண்டைத் தாங்கும் வயிறு மூன்றைத் தாங்குவதில்லை. திருவனந்தபுரத்துக் கடைகளில் 'சவர்டோ' என்னும் புளிமாவு ரொட்டி கிடைக்கிறது. விலை மிகுதி. உறையில் கோதுமை, நீர், உப்பு மட்டுமிருப்பின் பணத்துக்குத் தகும். ஈஸ்டும் 260 என்னும் காடிப்புளிப்பும் சேர்த்திருப்பின் அது புளிமாவு வேடமிட்ட சாதாரண ரொட்டி. உறையே இல்லாத உள்ளூர்ப் பேக்கரியில், மாவு எத்தனை மணி நேரம் பொங்கிற்று என்று நாம் கேட்டுவிடலாம். 'போர்மா' அருகே நிற்பவர் பெரும்பாலும் மெய்யே சொல்வார்.

ஒரு ரொட்டியைச் சோதிப்பது இங்ஙனம்: காலையில் ஒரே துண்டு, நன்கு வாட்டி, சிறிது வெண்ணெயுடன். மூன்று நாள் தொல்லை இல்லையேல் இரண்டாக்குக. உடன் உண்பதையும் குறித்துவைத்தல் வேண்டும். இரவுப் பணியில் ரொட்டியும் ஆம்லெட்டும் உண்டு பொழுது கழிக்கும் ரயில்வே எழுத்தர்களாகிய நாம் நன்கறிவோம், அந்த ஆம்லெட்டில் வெங்காயம் எவ்வளவு என்று. வெங்காயத்திலும் பிரக்டன் உண்டு. குற்றத்தில் அதற்கும் பங்கிருக்கும்.

கெடாமற் காக்கும் பொருள் குறைந்த ரொட்டியைப் பூவாரின் கடற்காற்று விரைவில் பூசணமாக்கிவிடும். ஒரு துண்டில் பச்சை கண்டால் பொட்டலம் முழுவதையும் எறிக. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மற்றவற்றிலும் ஓடியிருக்கும். குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைத்தால் ரொட்டி விரைந்து விறைக்கும். உறைதட்டில் வைத்து, வேண்டும்போது ஒவ்வொரு துண்டாக எடுத்து, அப்படியே கல்லில் வாட்டிக்கொள்ளலாம்.