ஹார்வர்டிலிருந்து காவலூர் வரை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறிச் செல்வோர், காட்டு மரங்களுக்கு மேலே வெண்ணிறமான பெரிய கும்பம் ஒன்று எழுந்து நிற்கக் காண்பார்கள். அது கோயிலுமன்று, நெற்களஞ்சியமுமன்று. காவலூர் வான ஆராய்ச்சி நிலையத்தின் கூண்டு அது. சாமையும் பலாவும் விளைகின்ற இம்மலையில் இவ்வளவு பெரிய விஞ்ஞானக் கருவி எதற்காக வந்தது என்று மலைவாசிகள் கேட்பது இயல்பே. அதற்கு விடை கூறவேண்டுமானால், கடல் கடந்து சென்று படித்த ஒரு மாணாக்கரின் கதையிலிருந்து தொடங்கவேண்டும்.

அவர் பெயர் வைணு பாப்பு. 1927 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10 ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். தந்தையார் ஹைதராபாத்தில் நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். ஆதலால், மற்றப் பிள்ளைகள் பம்பரம் சுழற்றிய வயதில் இவர் தொலைநோக்கியின் அருகே நின்று வளர்ந்தார் எனலாம். ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் பயின்று, உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்குச் சென்றார்.

ஹார்வர்டு பழம்பெருமை வாய்ந்த கலாசாலை. 1636 இல், அதாவது அமெரிக்கா சுதந்திர நாடாவதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டது. 1642 இல் பட்டம் பெற்ற அதன் முதல் அணியில் ஒன்பது மாணாக்கர்களே இருந்தனர். பின்னாளில் அங்கே அமைந்த வான ஆராய்ச்சிக் கூடம் இரவுதோறும் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்துச் சேமித்து வைத்தது. அவ்வாறு சேர்ந்த தகடுகள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. நம் கிராமங்களில் அடங்கலும் சிட்டாவும் ஆண்டுவாரியாகக் காக்கப்படுவதுபோல, அங்கே வானத்துக்குக் கணக்கு வைத்திருந்தார்கள்.

வானாராய்ச்சி மாணாக்கரின் இரவு எப்படிப்பட்டது என்பதை நம் விவசாயிகள் எளிதில் உணர்வார்கள். காட்டுப் பன்றி வராதிருக்கப் பரண்மேல் விழித்திருப்பவனின் இரவுதான் அது. தொலைநோக்கி இருக்கும் கூடத்தின் கூரை திறந்திருக்கவேண்டும். எவ்வளவு குளிராயினும் அங்கே கணப்பு மூட்டலாகாது. சூடான காற்று மேலெழுந்தால் நட்சத்திரத்தின் உருவம் நடுங்கி, படம் கெட்டுவிடும். விடிந்த பின் தகட்டைக் கழுவிப் புள்ளி புள்ளியாக ஆராய்வது அடுத்த வேலை.

1949 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள் எடுத்த ஒரு தகட்டில், இருக்கவேண்டாத இடத்தில் ஒரு பொருள் மங்கலாகத் தெரிந்ததைப் பாப்பு கண்டார். சோர்வினால் அதைத் தகட்டின் மாசென்று தள்ளிவிட்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் தள்ளவில்லை. ஆசிரியரான பார்ட் பாக் என்பவரும் உடன் மாணாக்கரான நியூகர்க் என்பவரும் சேர்ந்து சோதித்தபோது, அது அதுவரை எவரும் அறியாத ஒரு வால் நட்சத்திரம் எனத் தெளிவாயிற்று. மூவர் பெயரும் சேர்த்தே அதற்குப் பாப்பு–பாக்–நியூகர்க் வால் நட்சத்திரம் என்று பெயரிட்டார்கள். அயல்நாட்டிலிருந்து படிக்க வந்த 21 வயது இளைஞரின் பெயர் முதலில் நிற்பதைக் கவனிக்கவேண்டும். பசிபிக் வானியல் சங்கம் அவருக்குப் பதக்கம் அளித்தது.

டாக்டர் பட்டம் பெற்றபின் அவர் கலிபோர்னியாவிலுள்ள பலோமார் மலை நிலையத்துக்குச் சென்றார். அங்கே ஓலின் வில்சன் என்னும் அறிஞருடன் சேர்ந்து கண்ட உண்மை 1957 இல் வெளியாயிற்று. உலக வானியலார் அதை ‘வில்சன்–பாப்பு விளைவு’ என்பர். இருட்டில் தொலைவில் ஒரு வெளிச்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பக்கத்திலிருக்கும் அகல் விளக்கா, தூரத்திலிருக்கும் தீவட்டியா? கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. நட்சத்திரங்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஒருவகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்துக்குரிய கோடு ஒன்று தெரியும். அக்கோட்டின் நடுவே பிரகாசமான ஒரு பகுதி இருக்கும். அதன் அகலத்தை அளந்தால் நட்சத்திரத்தின் உண்மையான ஒளிவலிமை தெரிந்துவிடும். வலிமை தெரிந்தால் தூரமும் கணக்கில் வந்துவிடும்.

இத்தகைய பெயர் பெற்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். அவரோ தாயகம் திரும்பினார். அன்று நம் நாட்டில் அவர் கையாளத்தக்க பெரிய தொலைநோக்கி ஒன்றுகூட இல்லை. முதலில் உத்தரப் பிரதேச சர்க்காரின் நைனிடால் நிலையத்தை உருவாக்கினார். 1960 இல் கொடைக்கானல் நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கொடைக்கானல் சூரியனை ஆராய்வதற்குப் பெயர் பெற்றது. ஆனால் மூடுபனியும் மேகமும் மிகுந்த அவ்விடம் இரவு வானத்துக்கு ஏற்றதன்று. எனவே வேறிடம் தேடலானார். அத்தேட்டம் நம் ஜவ்வாது மலையில் வந்து முடிந்தது.

காரணங்களை அறிந்தால் இம்மலையின்மேல் நமக்குள்ள மதிப்பு கூடும். காவலூர் நில நடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய பன்னிரண்டரை டிகிரியில் உள்ளது. ஆதலின் வடவானம் முழுவதும், தென்முனையை ஒட்டிய சிறு பகுதி நீங்கலாகத் தென்வானமும் இங்கிருந்து தெரிகின்றன. ஹார்வர்டோ 42 டிகிரி வடக்கே இருக்கிறது. தென்வானத்தின் பெரும் பகுதி அங்கே அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அதற்காகவே அப்பல்கலைக் கழகத்தார் அக்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் தனி நிலையம் வைத்து நடத்தினார்கள். அவர்கள் கடல் தாண்டித் தேடிய வானம் நம் மலைவாசிகளின் முற்றத்தில் இருந்தது! இதனோடு, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நகரங்களின் வெளிச்சம் எட்டாத இருள் ஆகியவையும் சேர்ந்தன.

1968 இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று. அக்கருவி கொடைக்கானல் நிலையத்திலேயே செய்யப்பட்டது. 1972 இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சு 10 ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கச் சென்றபோது, மறைப்பதற்கு முன்பே அந்நட்சத்திரத்தின் ஒளி விட்டுவிட்டு மங்கியது காவலூரிலும் பதிவாயிற்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அன்றுதான். 1988 இல் இங்கே கண்டெடுத்த ஒரு சிறு கோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

பாப்பு கனவு கண்ட பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுள்ளது. மனிதக் கண்ணின் பாவையைவிட ஓர் இலட்சம் மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டவல்லது. அது நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. ஆனால் அவர் அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. உலக வானியல் சங்கத்தின் தலைவராயிருந்த காலத்திலேயே, 1982 ஆகஸ்டு 19 ஆம் நாள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் காலமானார். 1986 ஜனவரி 6 ஆம் நாள் அத்தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2016 இல் தேவஸ்தலில் 3.6 மீட்டர் கருவி வரும்வரை நாட்டின் மிகப் பெரிய தொலைநோக்கி நம் மலைமேல்தான் இருந்தது.

இனி, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய இரண்டு செய்திகள் உண்டு.

முதலாவது இருள். தெருவுக்கு விளக்கு வேண்டாம் என்று எவரும் கூறார். பாம்பும் பன்றியும் நடமாடும் மலைப்பாதையில் விளக்கு அவசியமே. ஆனால் மேல்மூடியில்லாத விளக்கின் ஒளியில் ஒரு பகுதி வானத்துக்கே போகிறது. அது தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானம் முழுவதையும் வெளுக்கச் செய்கிறது. அதற்கான மின்கட்டணத்தையும் பஞ்சாயத்தே செலுத்துகிறது! விளக்கின்மேல் தகரமூடி பொருத்தி, ஒளி தரையில் மட்டும் விழும்படி திருப்பினால், குறைந்த மின்சாரத்தில் பாதை முன்னிலும் நன்றாகத் தெரியும். கண்ணைப் பறிக்கும் நீலங்கலந்த வெண்ணொளியைவிட மஞ்சள் ஒளி வானத்தில் குறைவாகச் சிதறும். திருவிழாவுக்குக் கட்டும் பெருவிளக்குகளைத் திருவிழா முடிந்ததும் இறக்கிவிடவேண்டும். மாதக் கணக்கில் அவை எரிவதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, பிள்ளைகள். உலகம் முழுவதிலுமிருந்து அறிஞர் வந்து செல்லும் இம்மலையிலிருந்து நம் பிள்ளைகள் வெளியே சென்று படிக்கவேண்டாமா? பாப்புவுக்குக் கிடைத்தது போன்ற உபகாரச் சம்பளம் இன்று பழங்குடி மாணாக்கருக்கென்றே தனியாக உள்ளது. மத்திய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஆண்டுதோறும் நாடு முழுவதிலும் 20 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. மாநில அரசும் இதற்கெனத் தனித் திட்டம் வைத்திருக்கிறது. இருபதே இடங்கள் என்று மலைக்கவேண்டியதில்லை. விண்ணப்பிக்கத் தகுதியுடையோரும் குறைவே.

பெரும்பாலும் தடையாவது மதிப்பெண் அன்று, காகிதம். இம்மலையில் வாழும் மலையாளிகள் அட்டவணைப் பழங்குடியினர் ஆவர். அதற்கான சாதிச் சான்றிதழைத் தாசில்தார் வழங்கமாட்டார். கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரே வழங்கவேண்டும். விசாரணைக்குக் காலம் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் அலையத் தொடங்கினால் கல்லூரிச் சேர்க்கை கடந்துவிடும். ஆகவே பிள்ளை பள்ளியில் சேர்ந்த உடனேயே சான்றிதழுக்கு மனுச் செய்யவேண்டும். பிறப்புப் பதிவிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் தந்தை பெயரும் எழுத்துப் பிசகின்றி ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கத்தினர்கள் தங்கள் வட்டத்தில் பார்த்துக்கொடுக்கலாம். ஓர் எழுத்து மாறியதால் ஓராண்டுப் படிப்பை இழந்தவர்கள் உண்டு.

காவலூர் நிலையத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பஞ்சாயத்துகள், பார்வை நாட்களை நிலையத்தாரிடம் முன்கூட்டிக் கேட்டறிதல் நலம். மழை மேகம் விவசாயிக்கு உறவாயினும் வானாராய்ச்சியாளருக்குப் பகை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சாமை அறுவடை முடிந்த மாதங்களே வானம் தெளிவாயிருக்கும் காலம்.