கடுகெண்ணெயும் கெண்டைக்காலும்

தில்லியில் பனி இறங்கத் தொடங்கும் முன்னரே பூங்காக்களில் ஓடுவோரின் கூட்டம் பெருகிவிடுகிறது. 2005இல் தொடங்கிய தில்லி அரை மாரத்தான் ஓட்டத்திற்கான ஆயத்தம் அது. 21 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தொலைவு. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் எங்களைப் போன்ற வங்கி அலுவலர்களுக்கு அது எளிதன்று. ஆயினும், நாற்பதைக் கடந்த பிறகு வந்த ஞானோதயத்தால் எங்கள் கிளையிலிருந்து நால்வர் ஞாயிறுதோறும் லோதி தோட்டத்தில் ஓடிப் பழகத் தொடங்கினோம். முதல் மாதத்தில் ஓடக் கற்றுக்கொண்டதைவிட நொண்டக் கற்றுக்கொண்டதே அதிகம். திங்கட்கிழமை காலையில் நாங்கள் படிக்கட்டில் இறங்கும் அழகைக் கண்ட வாடிக்கையாளர் ஒருவர், "ஓடுகிறீர்கள், சரி. மாலிஷ் செய்துகொள்கிறீர்களா?" என்று கேட்டார்.

அவர் இளமையில் மல்யுத்தம் பயின்றவர். இப்போது மாவு அரைவை ஆலை நடத்துகிறார். அவருடைய அழைப்பின் பேரில் ஒரு விடியற்காலையில் வடதில்லி அகாடா ஒன்றுக்குச் சென்றோம்.

மல்யுத்தக் களரியைத்தான் இங்கே அகாடா என்கிறார்கள். கடுகெண்ணெய், மஞ்சள், மோர் ஆகியவற்றைக் கலந்து பதப்படுத்திய மண். அதில் இரண்டு மணி நேரம் புரண்டு எழுந்த இளைஞர்கள், பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் புறப்படவில்லை. இருவர் இருவராக அமர்ந்து ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துத் தோள், முதுகு, தொடை, கெண்டைக்கால் என்று நீவிவிடத் தொடங்கினர். கனத்த உடலினரின் தொடைமீது சிறுவன் ஒருவன் ஏறி நின்று பாதத்தால் மிதித்துக்கொண்டிருந்தான். குஸ்தியில் பாதி மண்ணில், மறுபாதி மாலிஷில் என்பது அங்குள்ளவர்களின் எண்ணம்.

இம்மரபைத் தில்லியில் நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் குரு ஹனுமான். 1901இல் ராஜஸ்தானத்தில் பிறந்து, தில்லிக்கு வந்து, பிர்லா ஆலைக்கு அருகே தம் பெயராலேயே அறியப்படும் அகாடாவை வளர்த்தார். 1983இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 1999இல் சாலை விபத்தொன்றில் மறைந்தார். 1982இல் தில்லியிலேயே நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற சத்பால் அவருடைய மாணவர். அந்தச் சத்பால் பின்னர் சத்ரசால் விளையாட்டரங்கில் உருவாக்கிய மாணவர்தான் சுஷில் குமார்.

சுஷில் குமாரின் பிற்கால வாழ்க்கை இப்போது நீதிமன்றத்தின் முன் இருக்கிறது. அது வேறு கதை. நமக்கு வேண்டியது 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஏறத்தாழ 70 நிமிடங்கள் மட்டுமே. 66 கிலோ எடைப்பிரிவின் முதல் சுற்றிலேயே அவர் உக்ரைன் வீரரிடம் தோற்றார். அந்த உக்ரைன் வீரர் இறுதிச்சுற்றுக்கு முன்னேறியதால், விதிப்படி சுஷிலுக்கு மறுவாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்கர், பெலாரஸ் வீரர், கஜகஸ்தான் வீரர் என மூவரை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். இடைவெளியோ மிகக் குறைவு. தசைகளைத் தளர்த்திவிடுவதற்கென்று தனி ஆள் அவருடன் இல்லை. அணியுடன் சென்றிருந்த கர்த்தார் சிங், தாமே அமர்ந்து பிடித்துவிட்டதாக அன்றைய செய்திகள் தெரிவித்தன. கர்த்தார் சிங் 1978லும் 1986லும் ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றவர். அத்தகைய மூத்தவர் இளையவரின் காலைப் பிடித்துவிடுவது வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம். அகாடாவில் வளர்ந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. சுஷில் மூவரையும் வென்றார். 1952இல் ஹெல்சிங்கியில் கே.டி.ஜாதவ் பெற்ற வெண்கலத்திற்குப் பிறகு மல்யுத்தத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

பதக்கத்தை மாலிஷ்தான் பெற்றுத் தந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வணிகவியல் படித்தவர்களுக்கு எந்த வரவுக்கும் சான்றுச்சீட்டு கேட்கும் பழக்கம் உண்டு. ஆகவே மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடினோம்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கை உடைந்தது. உழைத்த தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து வெளியேற்றுகிறது என்று பலரும் சொல்வார்கள், நாங்களும் சொல்லியிருக்கிறோம். உண்மையில் அந்த அமிலம் ஓட்டம் முடிந்த ஒரு மணி நேர அளவில் தானாகவே குறைந்துவிடுகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நம்மைப் படியிறங்க விடாமல் செய்யும் வலி வேறு. பழக்கமில்லாத உழைப்பால் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைச் சீர்செய்ய உடல் மேற்கொள்ளும் அழற்சியுமே அதற்குக் காரணம். 24 முதல் 72 மணி நேரத்திற்குள் அது உச்சமடையும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று சுவையானது. 11 இளைஞர்களைச் சோர்ந்துபோகும் வரை மிதிவண்டி மிதிக்கச் செய்தனர். பின்னர் ஒரு தொடையை மட்டும் 10 நிமிடங்கள் மசாஜ் செய்து, மற்றதை அப்படியே விட்டுவிட்டனர். இரு தொடைகளிலிருந்தும் சிறு துணுக்குத் தசையை எடுத்துச் சோதித்தபோது, மசாஜ் பெற்ற தொடையில் அழற்சியைத் தூண்டும் குறிகள் குறைந்திருந்தன. உயிரணுக்களின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான குறிகள் கூடியிருந்தன. லாக்டிக் அமில அளவில் மட்டும் மாற்றமே இல்லை.

2020இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள், 1,012 பேர் பங்கேற்ற 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மசாஜால் வேகமோ வலிமையோ தாங்கும் திறனோ கூடியதாகச் சான்று இல்லை. ஆனால் உடலின் வளையும் தன்மை சிறிது கூடுகிறது, மறுநாள் வலி சிறிது குறைகிறது. கணக்கு அவ்வளவுதான். ஆனால் வலி சிறிது குறைந்தால் மறுநாளும் பயிற்சிக்குப் போக மனம் வருகிறது. ஓட்டத்தைப் பாதியில் விடாமல் நாங்கள் தொடர்ந்ததற்கு அந்தச் சிறிதளவே காரணம் என்பது எங்கள் அனுபவம்.

நம் ஊருக்கும் இது புதிதன்று. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகையாக அதனைப் பிரித்திருக்கிறார்கள். மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் கூறும் கைமுறைகளில் பல இப்பட்டியலிலேயே இருக்கின்றன. தில்லிக்கு வந்த தமிழர்கள் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்பதுதான் வருத்தம். குளிர்காலத்தில் குளிப்பதே பெரும்பாடு என்னும்போது, எண்ணெயும் சீயக்காயும் எங்கே!

இனி, இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறோம்.

அகாடாவின் வாயிலருகே முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். பல ஆண்டுகள் மல்லர்களுக்கு மாலிஷ் செய்தவர். எல்லோரும் அவரை உஸ்தாத்ஜி என்றே அழைப்பர். நாங்கள் நால்வரும் மாதம் இருமுறை அவரிடம் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. சென்ற ஆண்டு, எங்களுள் ஒருவர் சென்னைக்குச் சென்றுவிட்டு ரயிலில் திரும்பினார். முப்பது மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயணம்; அவர் மேல் படுக்கையை விட்டு அதிகம் இறங்கவில்லை. வந்த மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வலித்தது. அதற்கு முந்தைய வாரம் 15 கிலோமீட்டர் ஓடியிருந்ததால் தசைப்பிடிப்பு என்றே நினைத்தார். நாங்களும் அவ்வாறே நினைத்தோம். "நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும்" என்று அவரை அழைத்துச் சென்றதும் நாங்கள்தான்.

உஸ்தாத்ஜி எண்ணெய்ப் புட்டியைத் திறக்கவில்லை. முதலில் இரு கால்களையும் அருகருகே நீட்டச் சொன்னார். புறங்கையால் ஒன்றை மாற்றி ஒன்றைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"பாபுஜி, பிடிப்பு என்றால் இப்படி இருக்காது. ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, சூடாகவும் இருக்கிறது. இதில் என் கை படக் கூடாது. இப்போதே டாக்டரிடம் போங்கள்."

நண்பருக்குச் சற்றே கோபம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், லேசாகவாவது நீவிவிடுங்கள்" என்றார். அவர் மறுத்துவிட்டார்.

அன்று மாலை எடுத்த டாப்ளர் ஸ்கேனில், காலின் ஆழ்ந்த சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. நெடுநேரம் அசையாமல் இருப்பவர்களுக்கு, அவர்கள் நன்றாக ஓடுபவர்களாகவே இருந்தாலும், இது நேரக்கூடும் என்றார் மருத்துவர். அழுத்திப் பிடித்துவிட்டிருந்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஊறு விளைத்திருக்கலாம் என்றும் சொன்னார். நண்பருடைய மனைவி எங்கள் மூவரையும் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தலை குனிகிறது.

ஆகவே, எவர் கையில் காலை நீட்டுகிறோம் என்பதும், எப்போது நீட்டக் கூடாது என்பதும் முக்கியம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகவோ சிவந்தோ இருந்தால் மசாஜ் கூடாது. மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், தோல் தொற்று, புதிதாக ஏற்பட்ட காயம், எலும்பு முறிவு ஐயம் ஆகியவை இருக்கும்போதும் தவிர்க்க வேண்டும். சுளுக்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டும். ரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்துகொள்ள வேண்டும். ஓட்டத்திற்கு முந்தைய நாள் முதன்முறையாக ஒருவரிடம் சென்று ஆழ அழுத்தச் சொல்வதும் அறிவுடைமையன்று; பந்தய நாளில் கால் கனத்துப்போகும். வலி பொறுக்க முடியாமல் போனால் நிறுத்தச் சொல்லுங்கள். வலித்தால்தான் குணமாகும் என்பது எண்ணெய்ப் புட்டி விற்பவர்களின் கூற்று. வலி வாரக்கணக்கில் நீடித்தால் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பதே முறை.

நண்பர் மூன்று மாதங்கள் மருந்து உட்கொண்டார். அந்த ஆண்டு அரை மாரத்தானில் நாங்கள் மூவர் ஓட, அவர் நேரு விளையாட்டரங்கின் வெளியே எங்கள் கைப்பைகளைக் காவல் காத்தார். மருத்துவர் மருந்தை நிறுத்தி, ஓடவும் மசாஜ் செய்துகொள்ளவும் ஒப்புதல் தந்த வாரம், ஒரு பெட்டி லட்டுடன் உஸ்தாத்ஜியைப் பார்க்கச் சென்றோம். அன்று மறுத்ததற்கும் சேர்த்துக் கூலி தருவதாக நண்பர் சொன்னபோது, செய்யாத வேலைக்கு எப்படிப் பணம் வாங்குவது என்று கேட்டார் அவர். லட்டை மட்டும் வாங்கி ஓரமாக வைத்தார். மருத்துவரின் சீட்டைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகும், இரு கால்களையும் நீட்டச் சொல்லிப் புறங்கையால் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார்.