திறந்த கை



2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை எங்கள் கதிரவெளிக் கரையைத் தாக்கிய பின்னர், 2005இல் பாடசாலை மீண்டும் தொடங்கிய நாட்கள் அவை. இளம் ஆசிரியனாயிருந்த நான், உயர்தர வகுப்பிலே புறநானூறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். வல்வில் ஓரியை நோக்கிக் கழைதின் யானையார் பாடிய பாட்டு. இரந்து கேட்பது இழிவு என்று பொருள் சொன்னதும், கடைசி வாங்கிலிருந்த மாணவன் எழுந்தான்.

"அப்ப நாங்க இழிஞ்ச ஆக்களா, சேர்?"

அன்று காலையும் அவன் நிவாரண வரிசையில் நின்றுவிட்டே வகுப்புக்கு வந்திருந்தான். கேட்டவனுக்கு ஈயாதிருப்பது அதனிலும் இழிவு என்று புலவர் அடுத்துச் சொல்வதைக் காட்டிச் சமாளித்தேன். ஆனால் அது அவனுக்குரிய விடையல்ல என்பதை நான் அறிவேன்.

நெடுநாட் கழித்து, சிற்பக்கலை பற்றிய நூலொன்றிலே ஒரு படத்தைக் கண்டபோது அந்த வினா மீண்டும் என்முன் வந்து நின்றது. இந்தியாவின் சண்டிகார் நகரிலுள்ள 'திறந்த கை' என்னும் சிற்பத்தின் படம் அது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிடவே, இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரொன்று வேண்டியிருந்தது. வீடுவாசல் இழந்து வந்த ஏதிலிகளுக்கும் இருக்க இடம் வேண்டியிருந்தது. நேருவின் ஆட்சிக்காலத்திலே அந்நகரைத் திட்டமிட்டவர், சுவிற்சர்லாந்திற் பிறந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லு கோர்புசியே. இச்சிற்பத்தை வடிவமைத்தவரும் அவரே. ஆயினும் அதை அவர் கண்ணாற் காணவில்லை. 1965இல் அவர் மறைந்து 20 ஆண்டுகளின் பின்னர், 1985இலேயே அது நிறுவப்பட்டது.

உலோகத் தகட்டாலான இச்சிற்பம் 26 மீற்றர் உயரமானது. காற்றடிக்கும் திசைக்கேற்பச் சுழல்வது. அதன் அடியிலே, நிலமட்டத்துக்குக் கீழே, மக்கள் கூடிப் பேசுவதற்கென ஒரு திறந்த மன்றும் உண்டு. சிற்பத்தை ஒருமுறை பார்த்தால் கை; மறுமுறை பார்த்தால் சிறகு விரித்த பறவை. நகமில்லை, ரேகையில்லை, கணையாழியுமில்லை. இன்னாருடையது என்று காட்டும் அடையாளங்களை நீக்கி, அடிப்படை வடிவத்தை மாத்திரம் நிறுத்துவதையே அரூபக் கலை என்கிறோம். இங்கு அவ்வாறு நீக்கியதன் பயன் யாது? அது புரவலன் கையா, ஏதிலியின் கையா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கொடுக்கவும் திறந்த கை, பெறவும் திறந்த கை என்பதே கலைஞர் கொண்ட கருத்தாகும்.

கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்பது நாம் பழகிய பார்வை. அந்தப் பார்வையோடுதான் நானும் அன்று பாடம் சொன்னேன். ஆனால் அதே நிவாரண வரிசையிலே நான் கண்ட இன்னொன்றும் உண்டு. சோற்றுப் பார்சலை வாங்கிய ஒரு தாய், அங்கேயே அதைப் பிரித்து, வரிசையில் நிற்க இயலாது மர நிழலில் அமர்ந்திருந்த முதியவருக்குப் பாதியைக் கொடுத்தார். வாங்கியதும் கொடுத்ததும் ஒரே கைதான்.

இப்போது அந்தப் பாட்டைப் படிப்பிக்கும்போதெல்லாம், முதலில் அந்தத் தாயின் கையைப் பற்றிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.