மீண்டும் பேசிய கிராமபோன்

புதுச்சேரி முல்லா வீதியை ஒட்டிய பழைய வீடுகளின் பரண்களில் மூன்று பொருள்கள் தவறாமல் இருக்கும் என்று எங்கள் மஹல்லாப் பெரியவர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு: சைகோன் டிரங்குப் பெட்டி, பிரெஞ்சு மொழிப் பத்திரங்கள், ஓடாத சுவர்க் கடிகாரம். எங்கள் வீட்டுப் பரணில் நான்காவதாக ஒன்றும் இருந்தது. அதுதான் பாட்டனாரின் கிராமபோன்.

உம்மாவின் தந்தையாரான மர்ஹூம் பாட்டனார் அவர்கள் சைகோனில் துணிக்கடை நடத்தியவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கடல் கடந்து சென்று அந்நகரில் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள் பலர். இந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் அங்கு இன்றும் நிலைத்து நிற்கிறது. பாட்டனார் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களுள் ஒன்று, நாய் படம் பொறித்த ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ கிராமபோன். புதுவையில் அவர் பின்னர் வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகளுள் நாகூர் ஈ.எம். ஹனீபா (1925–2015) அவர்கள் பாடிய தட்டு ஒன்றும் இருந்தது.

உம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. வலக்காது ஏறத்தாழ அடைத்துவிட்டது. இடக்காதும் நாளுக்கு நாள் மங்கி வருகிறது. ஒருநாள் மஃரிபுக்குப் பின், “வாப்பா வச்சுக் கேட்ட அந்த ஹனீபா பிளேட்டை, காது முழுசா அடைக்கிறதுக்குள்ளே ஒரு தடவை கேட்டுடணும் தம்பி” என்றார்கள். என் மகன் உடனே கைப்பேசியில் அதே பாடலைத் தேடியெடுத்து ஒலிக்கச் செய்தான். உம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லே” என்று சொல்லிவிட்டார்கள்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். சாவி கொடுத்தால் தட்டு சுழன்றது. குரல்தான் எழவில்லை. பழுது பார்ப்பதாகச் சொன்ன கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் சைக்கிள் டியூபை வெட்டி சவுண்டு பாக்ஸினுள் திணித்து, திருகுகளை இறுக முடுக்கித் தந்துவிட்டார். வீட்டில் வைத்துப் பார்த்தபோது ஒலி வந்தது, மூக்கடைத்தவர் பேசுவதைப் போல! உச்சத்தில் கரகரப்பு, ‘ச’வும் ‘ஷ’வும் இருந்த இடமே தெரியவில்லை. அதைவிட அச்சம் தந்தது வேறொன்று. பாடல் முடிந்ததும் ஊசி முனையில் கரும்பொடி திரண்டிருந்தது. அது தட்டிலிருந்து அரைபட்ட பொடி. உம்மாவின் நினைவுக்குரிய ஒரே தட்டை நாங்களே அரைத்துக்கொண்டிருக்கிறோம்! அன்றோடு நிறுத்தினேன்.

வாசக நேயர்களே, இங்கு சவுண்டு பாக்ஸ் என்பது யாது எனச் சற்று விளக்கியாக வேண்டும். எமில் பெர்லினர் 1887இல் உரிமம் பெற்ற கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை, ஒலிபெருக்கியும் இல்லை. தட்டின் வரிப்பள்ளம் இடமும் வலமுமாக நுண்ணியதாக நெளிந்து செல்கிறது. அந்நெளிவு ஊசியை அசைக்கிறது. ஊசியைப் பற்றியிருக்கும் சிறு தண்டு நெம்புகோலாக நின்று, மறுமுனையில் வட்டமான ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்கிறது. தகடு காற்றை அசைக்க, காற்று குழாய் வழியே பெருகி நம் செவிக்கு வருகிறது. இந்தத் தண்டும் தகடும் அடங்கிய உள்ளங்கை அளவிலான வட்டப் பெட்டியே சவுண்டு பாக்ஸ். பாட்டனாரின் பெட்டியில் இருந்தது ‘எக்ஸிபிஷன்’ எனப்படும் பழைய வகை. அதன் தகடு மைக்கா என்னும் அபிரகத்தாலானது. நெல்லூர்ச் சீமையின் கூடூர்ப் பக்கம் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்பட்ட காக்காப்பொன் இதுவே. தட்டுகளைச் செய்ய உதவிய அரக்கும் நம் நாட்டுக் காடுகளில் விளைவதுதான். இங்கிருந்து போனவை பாட்டாகித் திரும்பி வந்தன என்று சொல்லலாம்.

இந்தத் தகடு உலோக வளையத்தில் நேரடியாகப் பதிவதில்லை. முன்னும் பின்னும் மெல்லிய ரப்பர் குழல் வளையங்கள் அதனைத் தாங்குகின்றன. அவை மென்மையாக இருக்கும் வரை தகடு தாராளமாக அசையும். நூறாண்டு கழிந்தால் ரப்பர் கல்லாகிவிடும். அப்போது தகடு அசைய மறுக்கும். தகடு மறுத்தால் தண்டு மறுக்கும். தண்டு மறுத்தால் ஊசி நெளிவைத் தொடர இயலாமல் பள்ளத்தின் சுவரை அறுத்துக்கொண்டு போகும். நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரம் ஊசி முனையில் தங்குகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆக, இறுக்கிப் பூட்டிய சவுண்டு பாக்ஸ் ஒலியைக் கெடுப்பதோடு நில்லாமல் தட்டையும் அழிக்கிறது. எங்களுக்கு நேர்ந்தது இதுவே.

இதனை எனக்கு விளங்க வைத்தவர் கடிகாரம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர். “ஹஜ்ரத், இது பலம் காட்டுற வேலை இல்லே. விட்டுக் கொடுக்கிற வேலை” என்றார். மதரஸா விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பின், மூன்று வாரங்கள் அவரோடு அமர்ந்தேன்.

முதல் வாரமே பிழை செய்தேன். கல்லாய் ஒட்டிக்கிடந்த பழைய வளையத்தை நெம்பும்போது கட்டைவிரல் சறுக்கி, மைக்காத் தகடு விளிம்பிலிருந்து நடுவரை பிளந்துவிட்டது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறு ஞாயிறு மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் பழைய இரும்புகளைப் பரப்பியிருந்த ஒருவரிடம், தண்டு முறிந்த சவுண்டு பாக்ஸ் ஒன்று கிடைத்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். தகட்டில் கீறலோ, அடுக்கு பிரிந்ததைக் காட்டும் வெண்திட்டோ இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! அதே சந்தையில் பளபளக்கும் பித்தளைக் குழாயோடு ‘நூறாண்டுப் பழைய’ கிராமபோன்களும் விலை கூறப்பட்டன. அவற்றுட் பல அண்மையில் கூட்டிச் சேர்த்தவை. அவற்றின் சவுண்டு பாக்ஸ் பெயருக்குத்தான். அழகுக்காக வாங்குவோர் வாங்கட்டும். நல்ல தட்டை அவற்றில் வைக்க வேண்டாம்.

புதிய வளையங்களுக்குப் பொருத்தமான கனமுள்ள மெல்லிய சிலிக்கோன் குழலைப் பயன்படுத்தினோம். அதனை இழுக்காமல், முனைகள் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வெட்ட வேண்டும். முன்வளையத்தின் இணைப்பும் பின்வளையத்தின் இணைப்பும் ஒரே இடத்தில் அமையலாகாது. பின்மூடியின் மூன்று திருகுகளையும் ஒன்று மாற்றி ஒன்றாகக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, தகடு நழுவாது பிடிபட்ட கணத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றும் கூடாது. என் கை தானாகவே இறுக்கப் போகும். பாய் என் மணிக்கட்டைத் தட்டுவார்.

மூன்றாம் வாரம் ஊசித்தண்டு. நுணுக்கமெல்லாம் இங்கேதான். தண்டின் மெல்லிய முனை தகட்டின் நடுவே ஒரு சிறு திருகால் பிணைக்கப்படுகிறது. பிணைக்கும் முன்பே அம்முனை தகட்டைத் தள்ளாமலும் அதை விட்டு விலகாமலும் பட்டும் படாமலும் நிற்க வேண்டும். விலகி நின்றால் திருகு தகட்டை முன்னுக்கு இழுத்துவிடும். அழுத்தி நின்றால் பின்னுக்குத் தள்ளிவிடும். இரண்டிலும் தகடு ஒரு பக்கம் விறைத்து நின்று, பலமான சுரத்தில் கரகரக்கும். தண்டின் இரு புறத்து வில்களையும் திருகுகளையும் மாற்றி மாற்றித் தளர்த்தி அந்த நடுநிலையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அஸரிலிருந்து மஃரிப் வரை ஆயிற்று. பின்னர் நடுத்திருகைச் சுற்றித் தேன்மெழுகை உருக்கி ஒரு சொட்டு வைத்தோம். காற்று கசியாதிருக்கவும் திருகு அதிராதிருக்கவும் அது உதவுகிறது. கடைசியாகப் பாய் பின்துவாரத்தில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சிப் பார்த்தார். கசிவு இல்லை.

என்னுடைய தொழில் பிள்ளைகளுக்குத் தஜ்வீத் கற்பிப்பது. ‘ஸீன்’ எங்கே, ‘ஸாத்’ எங்கே, ‘தே’ எங்கே என்று எழுத்துகளின் பிறப்பிடம் கேட்டுப் பழகிய காது. எனவே சோதனையின்போது பாய் சுரத்தைக் கேட்டார். நான் எழுத்தைக் கேட்டேன். சகரம் தெளிவாக வந்ததா? ழகரம் ளகரமாயிற்றா? சோதனைக்கு மதிப்பற்ற, முன்பே கீறல் விழுந்த தட்டுகளையே வைத்தோம். இந்த இயந்திரம் பிறந்த காலத்திலேயே அதில் ஓதலைக் கேட்பது பற்றி ஆலிம்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். படேவியாவில் ஸெய்யித் உத்மான் என்னும் அறிஞர் 1899இல் ஃபோனோகிராஃப் குறித்து ஃபத்வா வெளியிட்டார். அந்த விவாதத்துக்குள் இங்கு புகவில்லை. கருவி எந்த அளவுக்கு எழுத்தைக் காக்கிறது என்பதில் எனக்குள்ள அக்கறைக்காகவே இதனைக் குறிப்பிட்டேன்.

வேகத்தையும் சரிபார்த்தோம். தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டொன்றை வைத்து, ஒரு நிமிடத்தில் அது 78 முறை சுற்றி வருகிறதா என்று என் மகன் எண்ணினான். ஊசி விஷயத்தில் சிக்கனம் ஆகாது. எஃகு ஊசியை ஒரு பக்கம் முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். பள்ளத்தின் வடிவுக்கு ஊசி தேய்ந்து அமைவதற்காகவே அரக்கோடு கல்பொடி கலக்கப்பட்டது. தேய்ந்த ஊசி உளியாகிவிடும். மறுபக்கத்துக்குப் புது ஊசி.

புதுவை வாசகர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சைகோன் டிரங்கில் இரண்டு ‘பாத்தே’ தட்டுகளும் இருந்தன. காகிதம் ஒட்டாமல், எழுத்துகள் தட்டிலேயே பொறிக்கப்பட்டவை. அந்தப் பிரெஞ்சுக் கம்பெனியின் பழைய தட்டுகளில் பள்ளம் பக்கவாட்டில் நெளியாமல், மேலும் கீழுமாக ஏறி இறங்கும். சில உட்புறத்திலிருந்து தொடங்கி விளிம்பில் முடியும். அவற்றுக்கு உருண்டை முனையுள்ள நீலக்கல் ஊசி வேண்டும். சவுண்டு பாக்ஸும் வேறு கோணத்தில் திரும்பி நிற்க வேண்டும். எஃகு ஊசியை வைத்தால் ஒரே முறையில் பாழ். இத்தகைய தட்டு உங்கள் பரணில் இருந்தால் துணி சுற்றி நிறுத்தி வையுங்கள். அடுக்கிப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாதீர்கள்.

நான்காம் வெள்ளி, உம்மாவைக் குழாயின் அருகே இடக்காது படும்படி நாற்காலியில் அமர்த்தினோம். புது ஊசி போட்டேன். முதலில் ‘சர்’ரென்ற அரக்குத் தட்டின் இரைச்சல். அதற்கே உம்மாவின் முகம் மாறிவிட்டது. பாட்டு இன்னும் தொடங்கவில்லை! பின்பு குரல் வந்தது. மூன்று நிமிடம் எவரும் பேசவில்லை. முடிந்ததும் ஊசி முனையை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு இருந்தது, முன்போல் திரளாக இல்லை.

“மறுபக்கம் வை தம்பி” என்றார்கள் உம்மா. நான் ஊசியை மாற்றிக்கொண்டிருக்கையில், “வாப்பா இதைத் திருப்பி வைக்கும்போது தட்டைச் சட்டைக் கையாலே துடைப்பாங்க” என்று என் மகனிடம் சொன்னார்கள்.

உச்சக் குரலில் மெல்லிய அதிர்வு ஒன்று இன்னும் இருக்கிறது. சவுண்டு பாக்ஸைக் கையோடு இணைக்கும் பின்ரப்பர் கெட்டுவிட்டது காரணமாக இருக்கலாம் என்கிறார் பாய். மதரஸாத் தேர்வுகள் முடிந்ததும், இன்ஷா அல்லாஹ், அதனையும் பிரிக்கப் போகிறோம்.