நுழைந்தவரே அடைக்கும் வாசல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியைத் தாண்டினால் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை அதுதான். அங்கே கருவறையில் லிங்கம் கிடையாது. லிங்கம் அமர வேண்டிய ஆவுடையார் மட்டும் இருக்கிறது. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. அம்மன் சந்நிதியிலும் திருவுருவம் இல்லை, திருவடிகள் மட்டுமே. படைக்கல்லில் பரப்பிய சுடுசோற்றிலிருந்து எழும் ஆவிதான் சுவாமிக்கு நைவேத்தியம். இதே கோயிலின் கொடுங்கைகளைப் பார்த்தால் கண் கூசும்: கருங்கல்லை மரச்சட்டம் போல இழைத்து, ஆணி அறைந்ததுபோலக் காட்டியிருப்பார்கள். ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று அந்தக் காலத்து ஸ்தபதிகள் முறி எழுதிக் கொடுப்பார்களாம். வெளியே, கை போகக்கூடிய எல்லை வரைக்கும் உருவம். உள்ளே, உருவமற்ற பீடம்.

கருந்துளையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கோயில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர் அன்றே எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு கோயிலுக்கும் மரியாதை சேர்க்காது, இயற்பியலுக்கும் சேர்க்காது. உருவமில்லாத ஒன்றின் முன் கைகூப்பி நிற்கப் பழகிய மண் இது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் கருந்துளையின் முன்பும் உதவுகிறது.

பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து தன் எடை தாங்காமல் உள்வாங்கும்போது, அதில் இருந்த இரும்பும் ஆக்சிஜனும் கார்பனும் வெளியுலகின் கணக்கிலிருந்து அழிந்துபோகின்றன. மிஞ்சுவது வளைந்த வெளியும் காலமும் மட்டும். அதுதான் கருந்துளை. சூரியன் அளவு நிறை இருந்தால், ஒளியும் மீளாத அதன் எல்லையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். நம் பால்வீதியின் நடுவில் இருப்பது ஏறக்குறைய 43 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. இவ்வளவு பெரிய ஒன்றை முழுதாக விவரிக்க மூன்றே எண்கள் போதும்: நிறை, சுழற்சி, மின்னூட்டம். ஒரு வேப்பிலையை விவரிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. பேரண்டத்தின் மிகக் கனமான பொருளுக்கு ஒரு வரி போதும் என்று படைப்பு தீர்மானித்திருக்கிறது.

இந்த எளிமையைக் கண்டு மெய்சிலிர்த்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்த தமிழர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1930-ல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே, அணைந்த நட்சத்திரம் தன் எடையைத் தாங்க ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டுக் கண்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற அந்த வரம்பு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. நோபல் பரிசு பெற்ற அதே 1983-ல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய அவருடைய பெருநூலும் வந்தது. பிரபஞ்சத்தில் உள்ள பெரும் பொருள்களிலேயே குறைவற்றது கருந்துளை, ஏனென்றால் வெளி, காலம் என்ற இரண்டைத் தவிர அதில் வேறு சரக்கே இல்லை என்பது அவர் எண்ணம். தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர் அவர். ஆனாலும் கருந்துளைச் சமன்பாடுகளின் அழகைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், சந்நிதியில் நிற்கும் ஒருவரின் குரல் கேட்கிறது. வணங்குவதற்கு எல்லோருக்கும் ஒரே பெயர் வேண்டியதில்லை போலும்.

எல்லைக்கு உள்ளே என்ன நடக்கிறது? எந்தத் தொலைநோக்கியும் காட்டாது. உள்ளிருந்து ஒளி வெளியே வராது, எனவே சேதியும் வராது. 2019-ல் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையின் படம் வெளியானபோது நாம் பார்த்ததும் உட்புறமன்று. வெளியே சுழலும் வாயுவின் ஒளியையும் நடுவில் விழுந்த நிழலையும்தான். உட்புறத்தை அறிய நம் கையில் இருப்பது 1915-ல் ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாடுகள் மட்டும். அவை சொல்வது இது: எல்லையைத் தாண்டியதும் வெளியும் காலமும் வேடம் மாற்றிக்கொள்கின்றன. மையத்தை நோக்கிய தூரம் காலமாகிவிடுகிறது. சுழலாத கருந்துளையில், அடர்த்தி எல்லை மீறிப்போகும் 'ஒருமை' என்பது நடுவில் கிடக்கும் ஓர் இடமன்று. உள்ளே போனவருக்கு இனி வரப்போகும் ஒரு நேரம். அதைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. எவ்வளவு நேரம் மிச்சம் என்பதைக்கூடக் கணக்கிடலாம். சூரிய நிறை கொண்ட கருந்துளையில் அதிகபட்சம் ஒரு விநாடியின் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. பால்வீதியின் நடுவில் உள்ளதில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். எம்87-ல் ஒரு நாளுக்குச் சற்று மேல். அதற்குள் நிதானமாக ஒரு வேளை சாப்பிடலாம், தூங்கலாம்.

சமன்பாடு கையில் இருந்தால் விடையும் கையில் இருக்கிறது என்று பொருளல்ல. பத்துச் சமன்பாடுகள், ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஈர்ப்பு வெளியை வளைக்கிறது. வளைந்த வெளியே மறுபடியும் ஈர்ப்பாகிறது. எழுதுகோலால் அவிழ்க்க முடிந்த சில விடைகள், பெரும்பாலும் எல்லாம் கச்சிதமாகச் சமச்சீர் கொண்ட நிலைக்குத்தான் பொருந்தும். அங்கேதான் கணினி வந்தது. நம் வீட்டு வாசலில் முதலில் புள்ளி வைத்து, பிறகு கம்பி இழுத்துக் கோலம் வருவதுபோல, கணினியில் வெளியைப் புள்ளிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, காலத்தைச் சின்னஞ்சிறு அடியாக நகர்த்தி, அடுத்த கணத்தில் அந்த வளைவு என்னவாகும் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு இன்னோர் அடி.

இப்படிச் செய்த முதல் கணக்கே, வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குப் பாதையான புழுத்துளையைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. 1964-ல் சூசன் ஹானும் ரிச்சர்ட் லிண்ட்குவிஸ்டும், ஒரே புழுத்துளையின் இரண்டு வாய்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் கதையை ஐபிஎம் 7090 கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். சிறிது தூரமே போக முடிந்தது. அதற்குள் பிழைகள் பெருகிவிட்டன. இரண்டு கருந்துளைகள் சுற்றி வந்து மோதி ஒன்றாவதை முழுமையாகக் கணக்கிட 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வெற்றி பிரான்ஸ் பிரிட்டோரியஸுடையது. நடுவில் 41 ஆண்டுகள்.

இவ்வளவு தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம் ஒருமை. கணக்கு அதைத் தொட்டால் எண்கள் முடிவிலிக்கு ஓடும், கணினி நின்றுவிடும். அதற்கு ஆய்வாளர்கள் கண்ட ஒரு தீர்வை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்குவதில்லை. எல்லைக்கு உள்ளே உள்ள புள்ளிகளையே வெட்டி எடுத்துவிட்டார்கள். உள்ளே நடப்பது எதுவும் வெளியே வந்து பாதிக்காது என்பதால், உட்புறம் இல்லாமலே வெளிப்புறக் கணக்கு சரியாக வருகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் முதன்முதலாகப் பிடித்த ஈர்ப்பு அலையோடு ஒப்பிட்டுப் பார்த்தவை இத்தகைய கணக்குகளே. மோதல் முடிந்ததும் கருந்துளை மணியடித்து அடங்குவதுபோல ஓர் அலையை விடும் என்பதை, பெங்களூருக்காரரான சி. வி. விஸ்வேஸ்வரா 1970-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். படைப்பின் இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். அளவற்றதாகி அறிவைத் திகைக்கவைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றித் திரை போட்டிருக்கிறது. அந்தத் திரையால்தான் மற்ற இடங்களில் கணக்கு பிசகாமல் நடக்கிறது.

ஆனால் சிலர் வெட்டி எடுத்த அந்தப் பகுதியையே பார்க்க விரும்பினார்கள். சுழலும் கருந்துளைக்கும் மின்னூட்டம் உள்ள கருந்துளைக்கும் உள்ளே இன்னோர் எல்லை இருக்கிறது. காகிதக் கணக்கின்படி அதைத் தாண்டிப் போகலாம், ஒருமையில் மாட்டாமல் தப்பலாம், வேறொரு பிரபஞ்சத்தில் வெளிவரவும் செய்யலாம். கதாசிரியர்களுக்கு இது அல்வா. ஆனால் அந்த வாசலில் ஒரு விசித்திரம் உண்டு. ரோஜர் பென்ரோஸைத்தான் அதை முதலில் கண்டவராகப் பெரும்பாலும் சொல்வார்கள். உள் எல்லையை நெருங்குகிறவர் திரும்பிப் பார்த்தால், வெளியுலகின் எதிர்காலம் முழுவதும் ஒரே நொடியில் அவர் கண்முன் வந்து குவியும். இனி பிறக்கப்போகும் நட்சத்திரங்கள், அணையப்போகும் நட்சத்திரங்கள், எல்லாவற்றின் ஒளியும். பார்க்கக் கிடைக்காத தரிசனம்தான். ஆனால் அவ்வளவு காலத்து ஒளி ஒரு நொடிக்குள் நெருக்கப்படும்போது அதன் ஆற்றல் கட்டுமீறுகிறது.

1973-ல் மைக்கேல் சிம்ப்சனும் பென்ரோஸும் கணினியில் இதைச் சோதித்தார்கள். உள் எல்லை நிலைக்காது என்று தெரிந்தது. 1982-ல் சந்திரசேகரும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் அதே வாசலைக் கணிதத்தால் ஆராய்ந்தார்கள். எழுபது தாண்டிய வயதில் பக்கம் பக்கமாகக் கையால் கணக்குப் போட்டவர் நம் சந்திரசேகர். உள்ளே விழும் மிகச் சிறிய அலையும் அந்த எல்லையில் அளவின்றிப் பெருகும் என்பதே அங்கும் விடை. 1990-ல் எரிக் புவாசோனும் வெர்னர் இஸ்ரேலும் இன்னும் ஒரு படி போனார்கள். உள்ளே விழும் கதிரும் குறுக்கே போகும் கதிரும் சந்திக்கும்போது, உட்புறத்தில் உணரப்படும் நிறையே ஊதிப் பெருகுகிறது என்றார்கள். வெளியே இருப்பவருக்கு அதில் ஒரு துளியும் தெரியாது.

இந்த வரிசையில் மீண்டும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெயர் வருகிறது. கொல்லாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தைச் சென்னையில் கண்டறிந்த ஜி. என். ராமச்சந்திரனின் மகன் ரமேஷ் நாராயண், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து இன்று ஹார்வர்டில் இருக்கும் வானியற்பியலாளர். அவரும் பால் செஸ்லரும் எரிக் கியூரியலும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட கணக்கில், சுழலும் கருந்துளையின் உட்புறத்தையே கணினியில் ஓட்டினார்கள். உள் எல்லையருகே அதிர்ச்சி அலைகள் எழுகின்றன, அவை நேரம் போகப்போகப் படிவேகத்தில் வலுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. கருந்துளை எவ்வளவு பழையதோ, பின்னால் வருபவருக்கு அடி அவ்வளவு பலம்.

புழுத்துளையின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் 1935-ல் சமன்பாட்டுக்குள் ஒரு பாலம் ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். 1962-ல் ராபர்ட் ஃபுல்லரும் ஜான் வீலரும், அந்தப் பாலம் ஒளிகூடக் கடந்து முடிப்பதற்குள் இறுகி அறுந்துபோகும் என்று காட்டினார்கள். 1988-ல் மைக்கேல் மாரிஸும் கிப் தார்னும், எதிர்மறை ஆற்றல் கொண்ட ஏதாவது ஒன்று தாங்கிப் பிடித்தால் பாதை திறந்திருக்கும் என்றார்கள். சரி, திறந்து வைத்தாயிற்று என்றே கொள்வோம். ஜப்பானின் ஹிசாகி ஷிங்காயும் ஷான் ஹேவர்டும் 2002-ல் அப்படி ஒரு புழுத்துளையைக் கணினியில் அமைத்து, அதற்குள் சாதாரண ஆற்றல் கொஞ்சம் அனுப்பிப் பார்த்தார்கள். பாதை சுருங்கிக் கருந்துளையானது. எதிர்மறை ஆற்றலை அனுப்பினால் கட்டுக்கடங்காமல் வீங்கியது. அந்தச் சாதாரண ஆற்றல் யார்? வழிப்போக்கர்தான். அவர் காலடி வைத்ததே கதவை மூடும் செயல். சரியான நேரத்தில் சரியான அளவு எதிர்மறை ஆற்றலை அனுப்பிச் சரிக்கட்டினால் நிலைநிறுத்தலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள். ஆனால் அதற்கான சரக்கு எந்தக் கடையிலும் இல்லை.

படைத்தவன் வாசலுக்குக் காவல் போடவில்லை, பூட்டும் போடவில்லை. உள்ளே வருகிற ஒளியின் ஆற்றலையும் வருகிறவரின் எடையையுமே தாழ்ப்பாளாக்கி வைத்திருக்கிறான். உள் எல்லையிலும் அதுதான், புழுத்துளையிலும் அதுதான். இவ்வளவு சிக்கனமான காவலை வேறெங்கும் நான் கண்டதில்லை.

2022-ல் குவாண்டம் கணினியில் புழுத்துளையை உண்டாக்கிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஒன்பது குவாண்டம் பிட்டுகளைக் கொண்டு ஓட்டிய ஒரு கணக்கு அது. வெளியில் எங்கும் ஓட்டை விழவில்லை. கணக்கின் மதிப்பைப் பற்றியே விஞ்ஞானிகளிடையே சர்ச்சை எழுந்தது. அந்தத் தலைப்புகளை மறந்துவிடுவது நல்லது.

உள்ளே எல்லாம் முடிவாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். மிஹாலிஸ் டஃபெர்மோஸும் ஜொனாதன் லுக்கும் 2017-ல் வெளியிட்ட கணித நிரூபணம், உள் எல்லையில் காலவெளி முழுதாகக் கிழிந்துபோவதில்லை, எதிர்பார்த்ததைவிட மென்மையாகவே முறிகிறது என்கிறது. குவாண்டம் விதிகளை முழுதாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் ஒப்புக்கொள்ளப்பட்ட கோட்பாடு இல்லை. கணக்குப் போட ஆள் வேண்டியிருக்கிறது.

அறிவொளி இயக்கம் கண்ட புதுக்கோட்டையின் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கருந்துளைகளைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் 'ஐன்ஸ்டைன் டூல்கிட்' என்ற மென்பொருள் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். மன்னர் கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ படிக்கிறவர்கள் பெரிய கணினிக்காகக் காத்திருக்க வேண்டாம். கோளச் சமச்சீர் உள்ள ஓர் அலை சுருங்கிக் கருந்துளையாவதைக் கணக்கிட ஒரு சாதாரண மடிக்கணினியும் பைத்தான் மொழியும் போதும். அதிலிருந்து தொடங்குங்கள்.